மீன் மணக்காத ஓவன்

எங்கள் வீட்டுக்கு ஓவன் வந்தது கேக் ஆசையில் என்று சொந்தக்காரர் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் மறுத்துச் சொன்னதில்லை. உண்மையில் அது கோபத்தில் வாங்கியது. வந்து போகிற கோபம் இல்லை, உட்கார வைத்து, சோறு போட்டு, நானே வளர்த்த கோபம். வளர்த்ததற்காக எனக்கு ஒரு துளி வெட்கமும் கிடையாது.

நான் குருநகர்க்காரி. அப்பா கடலுக்குப் போனவர். கட்டிய மனிதரும் கடலுக்குப் போகிறவர். நான் படித்து, சோதனை எழுதி, யாழ்ப்பாண நகரத்துக் கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞராக இருக்கிறேன். அங்கே எனக்குப் பக்கத்து மேசையில் ஓர் அம்மா. என்னைவிடச் சில வயது மூத்தவர். செம்மண் தோட்டமும் காணியும் உள்ள ஊரிலிருந்து ஸ்கூட்டியில் வருகிறவர். பேச்சு மெத்தென்று இருக்கும். ஒருவரோடும் சண்டை பிடித்து நான் கண்டதில்லை. அவரிடம் எனக்குப் பிடிக்காத முதல் குணமே அதுதான். சண்டை பிடிக்கிறவர்களோடு நாலு வார்த்தை கத்தி அன்றைக்கே தீர்த்துக்கொள்ளலாம். இவரோடு முடியாது. மத்தியானம் நான் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். மெல்ல எழும்பிப் போய் யன்னலை அகலத் திறந்துவிட்டு வந்து இருப்பார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த யன்னல் எனக்காகத் திறந்துகொண்டே இருக்கிறது.

பாண் வாட்டுகிற ரோஸ்டர் கதையைத் தொடங்கியது என் கணவர். கொழும்பில் தெரிந்தவர் வீட்டில் ஒருநாள் தங்கியிருந்தபோது, பாண் துண்டுகள் சிவக்க வெந்து தாமாகவே துள்ளி மேலே வந்ததைக் கண்டிருக்கிறார். கண்டதிலிருந்து அதே கதைதான். விடியக் கடலால் வருகிற மனிதருக்குப் பாணும் சம்பலும்தான் உயிர். நான் தோசைக்கல்லில் போட்டு வாட்டிக் கொடுப்பேன். ஒரு பக்கம் கருகும், மறு பக்கம் வெளிறிக் கிடக்கும். "ரோஸ்டர் ஒண்டு எடுத்தால் உனக்கும் கரைச்சல் இல்லை, எனக்கும் கரிப் பாண் இல்லை" என்றார். நியாயம்தான். ஆனால் எடுக்கிறதை எடுக்கிறோம், மேசையில் வைக்கிற சின்ன ஓவனாக எடுத்தால் பாணும் வாட்டலாம், வேறு ஏதும் வேகவைக்கலாமே என்று எனக்கு ஒரு யோசனை. எதை வாங்குவது என்று ஒரு கிழமையாக இரண்டு பேரும் இழுபட்டுக்கொண்டிருந்தோம்.

கந்தோரில் தேநீர் நேரம் அந்தக் கதையை எடுத்தேன். சும்மா, நாலு பேரிடம் கேட்டுப் பார்ப்போம் என்றுதான். ரோஸ்டர் என்றால் இரண்டு நிமிஷத்தில் வேலை முடியும் என்றார் ஒருவர். ஓவன் கரண்டைக் குடிக்கும் என்றார் இன்னொருவர். பக்கத்து மேசை அம்மா வீட்டில் பெரிய ஓவன் இருக்கிறது, கேக்கில் கைகாரி என்று பெயரும் இருக்கிறது. அதனால் எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் தேநீரை ஒரு மிடறு குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"உமக்கு ஏன் ஓவன்? உங்கடை ஆக்களுக்கு ரோஸ்டர் காணும். ஓவனை வாங்கினால் அதுக்குள்ளை மீனைத்தானே வைப்பீங்கள். பிறகு கேக்கை வைச்சால் ஆர் தின்னுறது?"

சிலர் சிரித்தார்கள். சிலர் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது? ஆனால் 'உங்கடை ஆக்கள்' என்ற அந்த இரண்டு சொல்லும் தொண்டையில் முள்ளாக நின்றன. அவர் யாரைச் சொன்னார், எதற்குச் சொன்னார் என்று எனக்கும் தெரியும், அந்த மேசையைச் சுற்றி நின்ற எல்லாருக்கும் தெரியும். சாதி என்ற சொல்லை வாயில் எடுக்காமலே சாதியைச் சொல்லத் தெரிந்தவர்கள் எங்கள் ஊரில் நிறைய இருக்கிறார்கள்.

தேநீர் ஆறுவதற்குள் நான் முடிவெடுத்துவிட்டேன். ஓவன்தான். அதற்குள் மீன் என்ற பேச்சே இல்லை. அதில் கேக் செய்து கொண்டுவருவேன். என் கையால் செய்ததை இந்த அம்மா எல்லாருக்கும் முன்னால் தின்ன வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. பணம், பதவி உயர்வு, இடமாற்றம் ஒன்றும் அப்போது என் கண்ணில் படவில்லை. அந்த வாய் அசைவதை நான் பார்க்க வேண்டும்.

சனிக்கிழமை இரண்டு பேரும் கடைக்குப் போனோம். என் பைக்குள் கேக் தட்டு இருந்தது. ஓவனுக்குள் தட்டுப் போகுமா என்று வைத்துப் பார்க்காமல் வாங்க நான் என்ன பைத்தியமா? கடைக்குள் போன பிறகுதான் கண்டேன், இவரும் கையில் ஒரு பை வைத்திருந்தார். உள்ளே பாதி ரோஸ் பாண், கடற்கரைச் சந்திப் பேக்கரியில் காலையில் வாங்கியது. ரோஸ் பாண் என்றால் வெளியூர்க்காரருக்குத் தெரியாது. தட்டையாக, மேல் தோல் மொறுமொறுவென்று, நாங்கள் கையால் பிய்த்தோ கத்தியால் மொத்தமாக வெட்டியோ தின்கிற பாண். இவர் வீட்டிலேயே இரண்டு துண்டு வெட்டி ஆயத்தமாகக் கொண்டு வந்திருந்தார்.

"தம்பி, உதை ஒருக்கால் உதுக்குள்ளை வைச்சுக் காட்டும்" என்று விற்பனைப் பொடியனிடம் நீட்டினார்.

பொடியன் பாணையும் பார்த்தான், ரோஸ்டரின் வாயையும் பார்த்தான். "அண்ணை, இது சான்ட்விச் பாண் வைக்கிறது. இயந்திரத்திலை வெட்டினது" என்றான்.

"அது பாணே? பஞ்சு."

இவர் விடவில்லை. துண்டைத் தானே எடுத்து அழுத்தினார். மேல் தோல் உள்ளே போனது, சதை வெளியே நின்றது. இழுத்தால் வரவில்லை. பொடியன் பதறிப்போய் பிளக்கைக் கழற்றிவிட்டு, ரோஸ்டரைக் கவிழ்த்துத் தட்டினான். பாண் தூள் கண்ணாடி மேசை முழுவதும் கொட்டியது. மற்ற நேரம் என்றால் எனக்கு மானம் போயிருக்கும். அன்றைக்கு உள்ளுக்குள் சந்தோஷம். என் பக்கம் பேச நான் வாயைத் திறக்கவே தேவைப்படவில்லை.

ஓவனிலும் லேசில் முடியவில்லை. முதலில் காட்டிய சின்ன ஓவனுக்குள் என் தட்டுப் போகவில்லை. "இதுக்குச் சின்னத் தட்டு ஒண்டு வாங்கலாம் அக்கா" என்றான் பொடியன். சின்னத் தட்டில் சின்னக் கேக்தான் வரும். சின்னக் கேக்கைக் கொண்டுபோய்க் கந்தோர் முழுக்கப் பங்கிட்டால் ஆளுக்கு விரல் அளவு கிடைக்கும், அதற்கும் அந்த அம்மா ஏதாவது மெத்தென்று சொல்வார். அடுத்த அளவை இறக்கச் சொன்னேன். தட்டு உள்ளே போய், கதவும் மூடிக்கொண்டது. ஒரே நேரத்தில் நாலு துண்டு மொத்தப் பாண் வைக்கலாம் என்றான். ஆனால் ரோஸ்டரைப் போல இரண்டு நிமிஷத்தில் வராது, முதலில் சூடேற வேண்டும், பிறகு பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்றும் உண்மையைச் சொன்னான்.

இவருடைய முகம் விழுந்துவிட்டது. "அப்ப பாண் தானாய் வெளியிலை துள்ளாதோ?"

"துள்ளாது அண்ணை. மணி அடிக்கும்."

பொடியன் குமிழைத் திருகி விட்டான். கொஞ்ச நேரத்தில் டிங் என்று ஓர் ஓசை. இவர் இன்னொரு தரம் திருகச் சொல்லிக் கேட்டார். அந்த மணியில் மனம் ஆறிவிட்டார். ஓவனை முச்சக்கரவண்டியில் மடியில் வைத்துக்கொண்டு வந்தவரும் அவர்தான்.

அவருடைய பாண் முதல் நாளே சரிவந்தது. கண்ணாடிக் கதவுக்கு முன்னால் கதிரையைப் போட்டு, படம் பார்க்கிற மாதிரி இருந்து, மணி அடித்ததும் எடுத்துத் தின்றார். எனக்குத்தான் ஓவன் தண்ணி காட்டியது. முதல் கேக் மேலே கரி, நடுவே மா. சின்ன ஓவனில் மேல் கம்பி கேக்கின் தலைக்குக் கிட்ட இருக்கும், அதனால் தட்டைக் கீழ்த் தட்டில் வைக்க வேண்டும், மேலே சிவக்கத் தொடங்கியதும் அலுமினியத் தாளால் மூட வேண்டும் என்பதெல்லாம் கரியைத் தின்றுதான் படித்தேன். பின்னேரத்தில் ஊரெல்லாம் தண்ணீர் மோட்டர் போட்டால் கரண்ட் சோர்ந்துவிடும், கேக்கும் சோர்ந்துவிடும். ஓவன் போட்டிருக்கும்போது யாராவது இஸ்திரிப்பெட்டியைச் செருகினால் வீடே இருளும். வெந்தும் வேகாத கேக்குகளை எங்கள் ஒழுங்கையில் விளையாடுகிற பிள்ளைகள் தின்று தீர்த்தார்கள். ஒவ்வொரு முறையும் மாவை அடிக்கும்போது அந்த அம்மாவை நினைத்துக்கொள்வேன். கை நோகாது.

வீட்டில் சட்டம் போட்டேன். ஓவனுக்குள் மீன் இல்லை, இறால் இல்லை, கருவாட்டின் பெயரும் இல்லை. கடலால் வந்த கையோடு இவர் ஓவன் கதவைத் தொடக் கூடாது. சவர்க்காரம் போட்டுக் கழுவி, தேசிக்காய் தேய்த்து, அதன் பிறகுதான் பாண் வைக்கலாம். ஒருநாள் இவர் நல்ல கொடுவா ஒன்றை விற்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, "இதை உப்பு மிளகு பூசி முழுசாய் உதுக்குள்ளை வைப்பமே?" என்று ஆசையாகக் கேட்டார். நான் கத்திய கத்தில் அடுத்த வீட்டு நாய் குரைத்தது. இவர் மீனைக் குழம்புக்கு வெட்ட என்னிடம் கொடுத்தார்.

கடைசியில் கேக் சரிவந்தது. மஞ்சளாக, மெதுவாக, தோடம்பழத் தோல் வாசத்தோடு. சக ஊழியர் ஒருவரின் பிறந்தநாளைச் சாட்டாக வைத்துக் கந்தோருக்குக் கொண்டுபோனேன். எல்லாரும் தின்றார்கள், புகழ்ந்தார்கள், இரண்டாம் துண்டுக்குக் கை நீட்டினார்கள். பக்கத்து மேசை அம்மா ஒரு துண்டை எடுத்து, கடதாசித் துவாயில் பக்குவமாகச் சுற்றினார்.

"இப்ப வயிறு நிறைஞ்சிருக்கு. பிறகு சாப்பிடுறன்."

அடுத்த நாள் அவரே சொன்னார். "நல்லாய் வந்திருக்கு. மீன் மணமே இல்லை."

அந்தச் சொல்லைப் பதக்கம் மாதிரி வீட்டுக்குக் கொண்டுபோனேன் என்றால் நம்புவீர்களா? அதற்குப் பிறகு சாட்டுக் கிடைத்தபோதெல்லாம் கேக் செய்தேன். யாருடைய பிள்ளையாவது சோதனை பாஸ் என்றால் கேக். யாராவது புது வீடு குடிபூர்ந்தால் கேக். ஒவ்வொரு முறையும் அவர் ஒரு துண்டு எடுப்பார், சுற்றுவார், பிறகு சாப்பிடுறன் என்பார். எனக்கு முன்னால் தின்னவில்லையே என்று ஒரு குறை இருந்தது. இருந்தாலும் தின்கிறார்தானே, இன்றில்லாவிட்டால் நாளை எனக்கு முன்னாலும் தின்பார் என்று பொறுத்திருந்தேன்.

கார்த்திகை மாதம், மழை விட்டிருந்த ஒரு பின்னேரம். வேலை முடிந்து சைக்கிள் எடுக்கப் பின்பக்கம் போனேன். மதிலோரம் அந்த அம்மா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கையில் கடதாசித் துவாய். அன்று காலை நான் கொடுத்த கேக்கைப் பிய்த்துப் பிய்த்து மதில் மேல் போட்டுக்கொண்டிருந்தார். காகங்கள் வரிசையாக இருந்து தின்றன. அவை சாதி பார்க்கவில்லை. துவாயை உதறி, கையையும் குழாயில் கழுவிக்கொண்டு அவர் ஸ்கூட்டியில் ஏறிப் போனார். நான் சைக்கிள்களுக்கு நடுவில் நின்றதை அவர் காணவில்லை.

அவர் வயிறு நிறைந்திருந்த நாட்கள் எல்லாம் எனக்கு அப்போது விளங்கின. ஒரு துண்டும் அவர் வாய்க்குள் போகவில்லை. எங்கள் ஒழுங்கைவரை எப்படிச் சைக்கிள் மிதித்தேன் என்று எனக்குத் தெரியாது. அழுகை இல்லை. அந்தத் தலைமயிரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இரண்டு கையும் துடித்தன.

வீட்டுக்கு வந்தால், குசினியில் இவர் நிற்கிறார். கிணற்றடியில் வைத்துத் துப்புரவாக்கிய இரண்டு விளைமீன் தட்டில் கிடந்தன. உப்பும் மிளகும் உள்ளியும் பூசி ஆயத்தம். "இண்டைக்கு ஒருக்கால் மட்டும்..." என்று தொடங்கினார். நான் வெடித்தேன். ஓவனைத் தொட்டால் தூக்கிக் கடலில் போடுவேன் என்றேன். இவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு, முதல் தடவையாக ஏன் என்று கேட்டார். அதுவரை நான் வீட்டில் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. யன்னலில் தொடங்கிக் காகம்வரை எல்லாவற்றையும் கொட்டினேன்.

கேட்டுக்கொண்டிருந்தார். கோபப்படவில்லை. பிறகு சொன்னார்.

"அந்த மனுசி எங்கடை படலையைக்கூடக் கண்டதில்லை. ஆனால் எங்கடை குசினியிலை எது வைக்கலாம், எது வைக்கப்படாது எண்டு அவதான் சொல்லுறா. நீயும் ஓம் எண்டு கேக்கிறாய். நான் பிடிச்சுக்கொண்டு வாற மீனுக்கு என்ரை வீட்டிலை இடமில்லை."

நான் பழிவாங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்த மாதங்கள் முழுவதும் அந்த அம்மா சொன்னபடி ஆடியிருக்கிறேன். கடலில் நின்று வந்த மனிதரின் கையைத் தேசிக்காய் போட்டுக் கழுவ வைத்தேனே! பக்கத்து மேசை மணக்குது என்று சொன்னதை நானும் மணக்குது என்றுதானே நடந்திருக்கிறேன். அதை நினைத்தபோது அந்த அம்மா மேல் இருந்த ஆத்திரம் இரண்டு மடங்காகியது. மீன் தட்டை எடுத்து ஓவனுக்குள் தள்ளி, கதவைச் சாத்தினேன். கொஞ்ச நேரத்தில் தோல் வெடித்து எண்ணெய் பொரிகிற சத்தம் கேட்டது. வாசம் ஒழுங்கை முனைவரை போனது. இவர் விரல் சூப்பிச் சாப்பிட்டார். நான் சாப்பிட்டுக்கொண்டே, அடுத்து என்ன கொண்டுபோவது என்று முடிவு செய்துகொண்டிருந்தேன்.

மார்கழியில் எங்கள் கந்தோரில் ஒளிவிழா வரும். கிறிஸ்மஸை ஒட்டி எல்லாரும் சேர்ந்து கரோல் பாடி, ஆளுக்கொன்று செய்து கொண்டுவந்து பகிர்ந்து சாப்பிடுகிற நாள். அந்த முறையும் நான் கேக்தான் கொண்டுவருவேன் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். அந்த நாள் வெள்ளிக்கிழமை இல்லை, யாருக்கும் விரதம் இல்லை என்பதை முன்கூட்டியே விசாரித்து வைத்தேன். என் பழி ஒருவரோடுதான், விரதக்காரரை நான் ஏன் வதைக்க வேண்டும்? அன்று காலை பக்கத்து மேசை அம்மாவின் வாயையும் மெல்லக் கிளறினேன். வீட்டில் கோழிக்கறி வைத்துக்கொண்டு வந்ததாகச் சொன்னார். நல்லது. மச்சம் சாப்பிடுவதில்லை என்று தப்ப முடியாது.

விடிய எழும்பி, இவர் தெரிந்தெடுத்துத் தந்த விளைமீன்களை இரண்டிரண்டாக ஓவனில் வைத்து எடுத்திருந்தேன். கரோல் முடிந்து, பெட்டியின் மூடியை நான் திறந்ததும், வாசம் அவ்வளவு பெரிய மண்டபத்தையும் நிறைத்தது. பிறகு தொடங்கியது தள்ளுமுள்ளு. மேலதிகாரி சட்டைக் கையை மடித்துவிட்டுத் தலைப்பக்கம் கேட்டார். கரண்டியை வைத்துவிட்டு எல்லாரும் கையால் பிய்த்தார்கள். "உதை முதலே கொண்டு வந்திருக்கலாமே, ஏன் இவ்வளவு நாளும் கேக்கைத் தந்து ஏமாத்தினீர்?" என்று ஒருவர் கேட்டார்.

அந்த அம்மா மூலையில் ஒரு மேசையில் தனியே இருந்தார். எழும்பிப்போய்த் திறக்க அவருக்குக் கிட்ட யன்னல் இல்லை. நான் ஒரு தட்டில் நல்ல நடுத்துண்டாகப் பார்த்து வைத்து, அவருக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தேன்.

"எனக்கு வயிறு..." என்று தொடங்கினார். கை தானாகவே கடதாசித் துவாய்க்குப் போனது.

துவாயை நான் எடுத்து மற்றப் பக்கம் வைத்தேன். குரலை உயர்த்தவில்லை. அவரிடமே படித்த மெத்தென்ற குரலில் சொன்னேன்.

"இதைக் காகம் தின்னாது அக்கா, உறைப்புக் கூட. சாப்பிடுறதெண்டால் எனக்கு முன்னாலை சாப்பிடுங்கோ. எறியிறதெண்டாலும் எனக்கு முன்னாலையே எறியுங்கோ."

அவருடைய முகம் வெளிறிப்போனதைக் கண்டேன். மதிலடியில் நடந்ததை நான் கண்டிருக்கிறேன் என்று அவருக்கு விளங்கிவிட்டது. சுற்றிப் பார்த்தார். மேலதிகாரி விரலை நக்கிக்கொண்டு எங்கள் பக்கம் பார்த்துச் சிரித்தார். எறிய முடியாது. எழும்பிப் போகவும் முடியாது. நான் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அவருக்கு நேர் எதிரே இருந்தேன். "ஆறுதலாய்ச் சாப்பிடுங்கோ. எனக்கு அவசரமில்லை" என்றேன்.

இரண்டு விரல் நுனியால் ஒரு துளி கிள்ளி வாயில் வைத்தார். விழுங்கினார். இன்னொரு துளி. பிறகு கொஞ்சம் பெரிதாக. மீன் நன்றாக இருந்தது, அது எனக்குத் தெரியும். பாதி போவதற்குள் ஐந்து விரலும் தட்டில் இறங்கிவிட்டன. கருகிய தோலை முள்ளிலிருந்து வழித்தெடுத்துத் தின்றார். அடியில் இருந்த மசாலாவையும் விரலால் வழித்து வாய்க்குக் கொண்டுபோனார். அப்போதுதான், விரல் வாய்க்குள் இருக்கும்போதே, நான் எதிரே இருப்பது நினைவு வந்து நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தைப் பார்க்கத்தான் நான் ஓவன் வாங்கினேன். பார்த்தேன். தட்டில் முள் மட்டும் மிஞ்சும்வரை எழும்பாமல் இருந்து பார்த்தேன்.